இரண்டு மைக், ஒரே உயரத்தில்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "பாக்கலாம்லா" என்றேன். முப்பத்தொரு வருஷமாக என் மகனாக இருக்கிறவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். நான் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள். நீயும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மண்டபம், மேடை, பூ அலங்காரம் என்று பேச்சை மாற்றிக்கொண்டாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, போனை வைத்ததும் ஆரம்பித்தாள். "புள்ள ஆசையா கேக்குறான். இவரு என்னமோ ஆபீஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கிற மாதிரி பதில் சொல்றாரு." அன்று மத்தியானம் எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

நீ கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் பகாவில் நடக்கப்போகிற உன் கல்யாண விருந்தில் நாம் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு பாட வேண்டும். "நீங்க டியூன் பாடுங்கப்பா, நான் செகண்ட் பாடுறேன்" என்றாய். அந்த செகண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் நான் பாக்கலாம்லா என்று நழுவினேன். ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினாறு வருஷமாக இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் சாமர்த்தியமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம். நேரில் சொல்லலாம் என்றால் என் வாய் ஒத்துழைக்காது. உன்னைக் கண்டால் "சாப்டியா, கார் டயர் பாத்தியா" என்பதற்கு மேல் அதற்கு ஓடத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்த கதையை நீ கேட்டிருக்கிறாய். ரத்தினத்தைப் பற்றி நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு வழக்கெல்லாம் பார்த்த பெரிய கிராணியின் மகன் அவன். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் தொழிலாளர் லயத்து வீட்டுப் பையன், அப்பா அம்மா இருவரும் பால் மரம் வெட்டுகிறவர்கள். கிராணி வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அதில் வெள்ளைக்காரப் பாட்டுகள் ஓடும்போது நான் வேலிக்கு வெளியே சைக்கிளில் சங்கிலி கழன்ற மாதிரி நடித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது முறை சங்கிலி கழன்றபோது ரத்தினம் வெளியே வந்து, "உந்தச் சைக்கிளை விட்டிட்டு உள்ள வாடா" என்றான். முதலில் பின்பக்கப் படியில் உட்கார்ந்துதான் கேட்டேன். ஒரு வருஷம் கழித்து அவன் அம்மா எனக்கும் அதே பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன்.

எனக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. ரத்தினம் பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பான், நான் அப்படியே மனப்பாடம் செய்வேன். காதலைப் பாடுகிறேனா கருவாட்டைப் பாடுகிறேனா என்று தெரியாமலே உருகிப் பாடினேன். அந்த ரெக்கார்டுகளில் என்னைப் பிடித்து இழுத்தது தனிக்குரல் இல்லை. இரண்டு பேர், மூன்று பேர், சிலவற்றில் நான்கு பேர் சேர்ந்து பாடுவார்கள், ஆனால் ஒரே மெட்டைப் பாட மாட்டார்கள். நம் கோயில் பஜனையில் ஐம்பது பேர் பாடினாலும் ஐம்பதும் ஒரே ஸ்வரம். இவர்களோ ஆளுக்கொரு ஸ்வரத்தில் நின்றுகொண்டு, ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். அது சண்டையாக ஆகாமல் எப்படிப் பாட்டாக ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை. ரத்தினம் சர்ச் பாடகர் குழுவில் செகண்ட், அதாவது மெட்டுக்குக் கீழே ஓடுகிற இரண்டாம் குரல், பாடுகிறவன். அவனுக்குப் புரிந்திருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்குமேல் பால் நிறுக்கும் கொட்டகை காலியாக இருக்கும். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, காய்ந்த பாலின் புளித்த நாற்றம். அங்கேதான் எங்கள் பயிற்சி. நான் மெட்டைப் பாடுவேன், அவன் எனக்கு இரண்டு படி கீழே நின்று கூடவே வருவான். எப்போதும் இரண்டு படி கீழேதான் என்று நினைத்துவிடாதே. அப்படியே பாடிக்கொண்டிருந்தால் நிழல் மாதிரி சப்பென்று இருக்கும். சில இடங்களில் நான் மேலே ஏறுவேன், அவன் அசையாமல் ஒரே ஸ்வரத்தில் நிற்பான், நடுவில் இடம் விரிந்துகொண்டே போகும். ஒரு இடத்தில் நான் இறங்க அவன் ஏறி வந்து என்னைக் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நிற்பான். அந்த ஒரு நொடி பல் கூசும். அடுத்த வார்த்தையில் அவன் அரைப்படி நகர்வான். அவ்வளவுதான், மார்புக்குள் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருக்கும். இரண்டு குரலும் சரியாக உட்கார்ந்துவிட்டால், நாங்கள் இருவரும் பாடாத மூன்றாவது குரல் ஒன்று தகரக் கூரையில் மெல்லியதாகக் கேட்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சின்னச் சின்ன வேலை அதில் நிறைய உண்டு, தம்பி. ஆங்கில வார்த்தை 'ஸ்' என்று முடிந்தால் ஒருவன்தான் அதைச் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சொன்னால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். அந்த 'ஸ்' எனக்கு, அவன் வாயை மூடிக்கொள்வான். ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்டால் கத்துகிறோம் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் வைத்த சட்டம் ஒன்று: "சனத்தைப் பாக்காத. என்ர வாயைப் பார்." வாயைப் பார்த்தால்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வார்த்தையைத் திறந்து ஒரே நேரத்தில் மூட முடியும். கொட்டகையில் நான் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. அங்கே பார்ப்பதற்கு ஜனம் இல்லையே.

பிறகு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரின் மகள் கல்யாணம் வந்தது. தோட்டத்து மண்டபத்தில் விருந்து, மேடையில் இரண்டு மைக், தோட்டமே முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் ஆரம்பித்தோம். முதல் அடி முடிவதற்குள் முன்வரிசையில் முகங்கள் சுருங்கின. அவர்கள் காதில் கேட்டது என்ன தெரியுமா? ஒருவன் பாட்டை ஒழுங்காகப் பாடுகிறான், இன்னொருவன் பாவம், சுருதி தப்பி வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான். மண்டோர் நல்ல மனிதர். யாரையும் கேவலப்படுத்த நினைக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் காதில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "கிராணி ஐயா மகன்யா. புள்ளைக்குப் பாட்டு வரல. நாலு பேரு சிரிக்கிறதுக்குள்ள அந்த மைக்க அணைச்சிடு." இரக்கப்பட்டுத்தான் அணைத்தார்கள். ரத்தினத்தின் குரல் பெட்டியிலிருந்து மறைந்தது. முகங்கள் மலர்ந்தன.

நான் பாட்டை நிறுத்தியிருக்கலாம். "அது தப்பில்ல, அதுதான் அந்தப் பாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் என் மைக்கை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தியாவது இருக்கலாம். நான் செய்தது என்ன? ஜனத்தைப் பார்த்தேன். லயத்துப் பையன் பாடுகிறான், கிராணி மகன் தடுமாறுகிறான் என்று அவர்கள் நினைத்தது எனக்கு இனித்தது. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே இனித்தது. கைதட்டல் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டு இறங்கினேன். ரத்தினம் எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்தான். சில மாதங்களில் அவன் அப்பாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டான். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

நீ பிறந்து வளர்ந்தபோது நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் முதலில் ஏறுகிறவன் நீ, சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவனும் நீ. பஸ்ஸில் அந்தப் பழைய பாட்டுக் கேசட்டுகள் ஓடும், நான் கூடவே பாடுவேன். உனக்குப் பத்து வயது இருக்கும். ஒருநாள் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே என் முதுகுக்குப் பின்னாலிருந்து ரத்தினத்தின் ஸ்வரம் கேட்டது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், கேட்டுக் கேட்டே, நீ கீழ்க்குரலைப் பிடித்து வைத்திருந்தாய். அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாய், நகர வேண்டிய இடத்தில் நகர்ந்தாய். பஸ் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. வண்டியை நிறுத்திவிட்டாவது பார்த்திருக்கலாம். ஐந்து வருஷம் தினமும் எனக்குப் பின்னால் உட்கார்ந்து நீ செகண்ட் பாடினாய், ஒரு நாளும் நான் உன்னைப் பாராட்டவில்லை. அந்த ஐந்து வருஷமும் வேலைக்குப் போவது எனக்குத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. அதை இப்போதுதான் சொல்கிறேன்.

அடுத்தது உனக்கே தெரியும். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். பகாவில் உன் பெரியப்பா புது வீட்டுக்குக் குடி போன அன்று, கூடத்தில் கரோக்கே பெட்டி, உறவுக்காரர்கள் எல்லாரும் பீகூன் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். உனக்குப் பதினைந்து வயது. நாம் இருவரும் ஆளுக்கொரு மைக் பிடித்தோம். நீ கீழ்க்குரலில் சேர்ந்ததும் என் அண்ணன் சோபாவிலிருந்து, "டேய், சின்னவன் தடம் மாறுறான்டா, கவனிக்கிறியா?" என்றார். இரண்டு அத்தைகள் உச்சுக் கொட்டினார்கள். பாவம் என்கிற அதே முகங்கள். அந்த அறையில் உன் ஸ்வரம் சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் உன் கையிலிருந்து மைக்கை வாங்கி டிவி மேல் வைத்தேன். "நீ உக்காரு, அப்பா முடிச்சிடுறேன்" என்றேன். பாடியும் முடித்தேன், கைதட்டலும் வாங்கினேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் நீ காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாய்.

தெரியாமல் செய்த மண்டோரை மன்னிக்கலாம். தெரிந்தே செய்தவன் நான். பல்கலைக்கழகத்தில் நீ பாடகர் குழுவில் சேர்ந்ததை உன் அம்மாவின் போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நிகழ்ச்சிக்குக் கூப்பிடவில்லையே என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்திருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நீயாகவே வந்து சேர்ந்து பாடலாமா என்று கேட்கிறாய், நானோ பாக்கலாம்லா என்கிறேன். உன் அம்மா ரசத்தோடு விட்டதே பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். ரத்தினம் ரஹாங்கில் மகளோடு இருக்கிறான் என்று சில வருஷங்களாகவே எனக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அந்தத் தெருவைத் தவிர்த்துத்தான் இதுவரை கார் ஓட்டியிருக்கிறேன். உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். தலை முழுக்க நரைத்த ஒருவன் கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "சைக்கிள் சங்கிலி இன்னும் கழண்டு கழண்டு போகுதோ?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். மண்டோர், மைக், கைதட்டல், அவனை நிறுத்திவிட்டு நான் தனியாகப் பாடி முடித்தது, எல்லாம்.

அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். "நீ தனியாப் பாடினதெண்டு ஆர் சொன்னது?" என்றான். "மைக்கைத்தானே நிப்பாட்டினவங்கள். நான் எங்க நிப்பாட்டினனான்? உன்ர பக்கத்தில நிண்டு கடைசி மட்டும் பாடினனான். நான் விட்டிருந்தா நீ அந்த ஏறுற இடத்தில விழுந்திருப்பாய். கொட்டகையிலயும் உனக்கு அந்த இடம் ஒருக்காலும் தனியா வந்ததில்லை." பிறகு, "நீதான் திரும்பிப் பாக்கேல்லை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். அன்று நான் அவ்வளவு சுத்தமாகப் பாடியதை இத்தனை வருஷமும் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி. என் காதுக்குள் கடைசி வரை அவன் இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஒரே யோசனைதான். அன்று பெரியப்பா வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து நீயும் வாய்க்குள் பாடினாயா? நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு சொந்தக்காரர்களைப் பார்த்தேன். உன்னைப் பார்க்கவில்லை. பாடியிருந்தால் சொல், எனக்குத் தெரிய வேண்டும். பாடவில்லை என்றாலும் சொல்லலாம், நான் தாங்கிக்கொள்வேன்.

வியாழக்கிழமை காலையில் உன் வாட்ஸ்அப் வந்தது. "பாடலன்னாலும் பரவால்லப்பா. என் பார்ட்ட மட்டும் ரெக்கார்ட் பண்ணி அனுப்புறேன், சும்மா கேளுங்க." அடுப்படியில் நின்று கேட்டேன். செகண்டைத் தனியாக நான் அதுவரை கேட்டதே இல்லை. மெட்டு இல்லாமல் கேட்டால் அது ஒரு பாட்டாகவே தெரியவில்லை. ஒரே ஸ்வரத்தில் வெகுநேரம் நிற்கிறது, திடீரென்று காரணம் இல்லாமல் அரைப்படி நகர்கிறது, நடுநடுவே காலி இடம் விட்டுக் காத்திருக்கிறது. தெரியாதவர்கள் கேட்டால் பையனுக்குப் பாட்டு வரவில்லை என்றுதான் சொல்வார்கள். 'ஸ்' வருகிற இடத்தில் எல்லாம் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய், தம்பி. அந்த 'ஸ்'ஸை எனக்கென்று விட்டு வைத்திருந்தாய். ரத்தினத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத உனக்கு அது எப்படித் தெரிந்தது? நான் போனை ரொட்டி டப்பாமேல் சாய்த்து வைத்து மெட்டைப் பாடினேன். குரல் உடைந்தது, ஏறுகிற இடத்தில் மூச்சு போதவில்லை. ஆனால் நீ பிடித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் சாய்ந்து நின்றாள். முடிந்ததும், "இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு" என்றாள். அன்று மீன் பொரித்தாள்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஷாலினி நல்ல பெண், அவளுக்கென்று ஒரு குரல் இருக்கிறது. அவள் உன் மெட்டையே பாட வேண்டும் என்று எதிர்பார்க்காதே, நீயும் அவள் மெட்டுக்குள் ஒளிந்துகொள்ளாதே. சில நாள் உரசும், பல் கூசும். உடனே யார் தப்பு என்று தேடாதே, அடுத்த வார்த்தை வரைக்கும் பொறு. நாலு பேர் முன்னால் யாராவது அவளைப் பார்த்துப் பாவம் என்று உச்சுக் கொட்டினால், அன்றைக்கு நீ என்னைப் போல் இருந்துவிடாதே. இதில் நான் தேர்ந்தவன் இல்லை. உன் அம்மா முப்பத்து மூன்று வருஷம் என் சத்தத்துக்குக் கீழே நின்று இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதையும் இந்த வாரம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்கு நன்றி சொன்னேன். "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்குக் கிடைத்தவர்களை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மைக் போன பிறகும் பாடிய ஒரு நண்பன். மைக்கைப் பிடுங்கிய அப்பனிடமே திரும்பி வந்து இன்னொரு தடவை பாடலாமா என்று கேட்கிற ஒரு மகன். நான் என்ன செய்து இதைச் சம்பாதித்தேன் என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல்தான் கிடைத்திருக்கிறது. மனம் நிறைய நன்றி, தம்பி.

அதனால், பாக்கலாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாடுகிறேன். மண்டபத்துக்காரரிடம் இரண்டு மைக் கேள், இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். ரத்தினத்துக்கு இரண்டாவது மேசையில் இடம் போடு, நான் போய் அழைத்து வருகிறேன். பெரியப்பா எப்படியும் முதல் மேசையில்தான் உட்காருவார். நீ கீழ்க்குரலில் சேர்ந்ததும் அவர் முகம் சுருங்கும், "சின்னவன் தடம் மாறுறான்" என்று சொன்னாலும் சொல்வார். சொல்லட்டும். எனக்கு அது தெரியப்போவதில்லை. நான் அந்தப் பக்கமே பார்க்க மாட்டேன். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை உன் வாயைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவேன்.

அப்பா